பேட்டா, பந்தா?
திண்ணை ஆல்ரவுண்டர் பதில்கள்

போன இதழில் கபில்தேவ் 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக அடித்த 175 ரன் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் என் மஞ்சப்பை கொள்ளாத அளவு சேர்ந்துவிட்டன. தோனி, கோலி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க கபில் கடைதான்.

என் மகனுக்கு 13 வயது. வேகமாகப் பந்து போடுகிறான், ஐந்தாவதாக இறங்கி நன்றாக பேட்டும் பிடிக்கிறான். "இரண்டும் வேண்டாம், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வீட்டில் தறி ஓட்டிப் பிழைக்கிறோம். எதை விடச் சொல்வது சார்?
*ஒரு தாய், அம்மாப்பேட்டை*

எதையும் விடச் சொல்லாதீர்கள் அம்மா. இப்போதைக்கு வேண்டாம்.

இதே கேள்வியை என்னிடம் 1981இல் கேட்டார்கள். அப்போது மில்லில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் மேட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளத்தில்) கிரிக்கெட். புதுப் பந்தில் ஆறு ஓவர் போடுவேன், ஏழாவதாக இறங்குவேன். கிளப் பெயர் வேண்டாம், அதன் செயலாளர் ஒருநாள் டீக்கடையில் வைத்து, "உன்னை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டார். வாய் சும்மா இருக்காமல் "பவுலர்" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து பத்தாவதாகத்தான் இறங்கினேன். வலைப்பயிற்சியில் எல்லோரும் ஆடி முடித்து, வெளிச்சமும் போன பிறகு, "நீயும் நாலு பந்து ஆடிக்கோ" என்பார்கள். பந்து எடுபடாத நாளில் என்னால் அணிக்கு நயா பைசா பிரயோஜனம் இல்லை. அந்த நாட்களில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பேட்டிங்கை ஏன் விட்டோம் என்று நினைத்ததெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

13 வயதில் யாருக்கும் தெரியாது அம்மா, எது தங்கும், எது போகும் என்று. ரவி சாஸ்திரி 1981இல் வெலிங்டனில் முதல் டெஸ்ட் ஆடும்போது இடதுகை சுழற்பந்துக்காரர், பத்தாவதாக இறங்கியவர். அவரே 1992இல் சிட்னியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 206 அடித்தார். நம் அஸ்வின் சிறுவயதில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். கடைசியில் 537 டெஸ்ட் விக்கெட், கூடவே ஆறு சதம். அதில் இரண்டு சேப்பாக்கத்திலேயே. "ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று அவர்களிடம் சீக்கிரமே முடிவாகச் சொல்லியிருந்தால் எது போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பயிற்சியாளர் சொன்னதில் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கலாம், அது உடம்பு. வேகப்பந்து போடும் வளரும் பையன்களுக்கு இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை விரிசல் விடும். வலி முதலில் லேசாகத்தான் இருக்கும், பையன் சொல்லவும் மாட்டான். இங்கிலாந்தில் 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்துச் சிறுவன் ஒரு மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவருக்கு மேல் போடக்கூடாது என்று கணக்கே வைத்தார்கள். இங்கே என்ன நடக்கிறது? காலையில் பள்ளி அணி, மதியம் அகாடமி, சாயங்காலம் தெருவில் பெட் மேட்ச். மூன்றிலும் நம் பையன்தான் முதல் ஓவர். ஹர்திக் பாண்டியா 2019இல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவர் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2018. பேட்டும் பந்தும் தெரிந்த எவ்வளவு பெரிய ஆல்ரவுண்டர், டெஸ்டில் போடும் சிவப்புப் பந்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஆகவே ஓவரை எண்ணுங்கள் அம்மா. ஒரு நோட்டுப் போட்டு, தறிக்கணக்கு எழுதுவதுபோல இதையும் எழுதுங்கள். பேட் ஒன்று போதும், அளவு சரியாக இருக்கட்டும். வளருவான் என்று பெரியதாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது பள்ளிச் சட்டை இல்லை. காலில் கட்டும் பேடை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. கபிலே பல இடங்களில் சொன்ன கதை இது. பம்பாயில் சின்னப் பையன்களுக்கான முகாமில் காய்ந்த சப்பாத்தி இரண்டைப் போட்டார்களாம். "நான் வேகப்பந்து போடுகிறவன், இது பத்தாது" என்று கேட்கப்போனவரிடம், இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளரே கிடையாது என்று சொல்லிச் சிரித்தார் அங்கிருந்த பெரியவர். அன்றைக்கு அது பாதி உண்மையும்கூட. இந்திய அணியில் புதுப் பந்தின் பளபளப்பைப் போக்கிச் சுழல்காரர்கள் கையில் கொடுக்கத்தான் ஓரிருவர் ஓடிவந்து போடுவார்கள். சில நேரம் சுனில் கவாஸ்கரே அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். அந்த நாட்டில்தான் இந்தப் பையன் 434 விக்கெட் எடுத்தான். உங்கள் மகனுக்கு இரண்டு முட்டை சேர்த்துக் கொடுங்கள்.

அந்த 175க்கு வீடியோவே இல்லையே? ஆனால் எங்கள் தெருப் பெரியவர்கள் எல்லோரும் நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறார்களே!
*கல்லூரி மாணவி, ஓமலூர்*

பார்த்திருக்க வழியே இல்லை மகளே. ஒளிபரப்பும் இல்லை, பதிவும் இல்லை. 1983 ஜூன் 18, சனிக்கிழமை, இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற சின்ன ஊர் மைதானம். இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட், 17க்கு 5. அங்கிருந்து 60 ஓவரில் 266க்கு 8. ஒன்பதாவது விக்கெட்டுக்கு கிர்மானியோடு பிரியாமல் 126, அதில் கிர்மானி 24. எனக்குத் தெரிந்தது மறுநாள் பேப்பரில். செவ்வாய்ப்பேட்டைச் சலூனில் ஒருவர் உரக்கப் படித்தார், நாங்கள் எட்டுப் பேர் கேட்டோம். 17க்கு 5 என்ற இடம் வந்ததும் சவரம் செய்துகொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு திரும்பிவிட்டார், கன்னத்தில் லேசாக வெட்டு. அந்த வெட்டைத்தான் நான் பார்த்தேன், 175ஐ இல்லை. உங்கள் தெருப் பெரியவர்களை விட்டுவிடுங்கள், பாவம்.

அந்த ஆட்டத்தில் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஜிம்பாப்வே வெறும் 31 ரன்னில்தான் தோற்றது. 175 அடித்த மனிதர் அப்புறம் பந்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்தது.

கபிலின் டெஸ்ட் பேட்டிங் சராசரி 31, பந்துவீச்சுச் சராசரி 29.64. இம்ரானுக்கு 37, 22. எண்ணை வைத்துப் பார்த்தால் கபில் ஒன்றும் அப்படி இல்லையே?
*கணக்கு ஆசிரியர், எடப்பாடி*

கணக்கு ஆசிரியரிடம் கணக்கில் சண்டை போட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். பந்துவீச்சில் சராசரி குறையக் குறைய நல்லது. 80களின் பெரிய ஆல்ரவுண்டர்கள் நான்கு பேரில் பாகிஸ்தானின் இம்ரான் கானின் பந்துவீச்சு 22.81, நியூசிலாந்தின் ஹாட்லி 22.29, இங்கிலாந்தின் போத்தம் 28.40, கபில் கடைசி. பேட்டிங்கில் ஹாட்லியைத் தாண்டி மூன்றாவது. மேற்கிந்தியத் தீவுகளின் பழைய ஆல்ரவுண்டர் சோபர்ஸ் 57.78 என்று பேட்டிங் வைத்திருக்கிறார், அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் எல்லோருக்கும் அவமானம்தான்.

ஆனால் சார், உங்கள் பள்ளியில் நூற்றுக்கு நூறு எடுத்த பையனையும் தெரியும், ஒருநாள்கூட லீவு போடாத பையனையும் தெரியும் அல்லவா? கபில் அந்த இரண்டாவது ரகம். 1978 அக்டோபர் பைசலாபாத்திலிருந்து 1994 மார்ச் ஹாமில்டன் வரை 131 டெஸ்ட். இடையில் தவறவிட்டது ஒன்றே ஒன்று, அதுவும் காயத்தால் இல்லை. டெல்லியில் ஒரு சிக்ஸர் அடித்து, அடுத்ததையும் தூக்கி அடிக்கப்போய் அவுட் ஆனார் என்று, 1984 கடைசியில் கல்கத்தா டெஸ்டுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வேகப்பந்து போடுகிறவன் பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படி ஆடுவது என்றால், அதுவும் பந்து எழும்பாத நம் ஊர் ஆடுகளங்களில், சராசரி ஏறத்தான் செய்யும். இம்ரான் ஆடியது 88, ஹாட்லி 86. டெஸ்டில் 5000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்த்து வைத்திருப்பவர் இன்றுவரை கபில் ஒருவர்தான்.

ஆல்ரவுண்டருக்கு சராசரியைவிட நான் பார்ப்பது வேறு. ஒரு கை ஓயும்போது இன்னொரு கை என்ன செய்தது? 1983 நவம்பரில் அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் இரண்டாவது இன்னிங்ஸில் 83 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். இந்தியா அப்புறம் 103க்குச் சுருண்டு 138 ரன்னில் தோற்றது. கபில் பேட்டும் கைவிட்டது. அது அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பந்துவீச்சு, ஆனால் சோகமான ஸ்கோர்கார்டு. அதற்கு நேர்மாறு 1981 மெல்போர்ன். தொடைக் காயத்தோடு, வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து 28 ரன்னுக்கு 5 விக்கெட். 143 துரத்திய ஆஸ்திரேலியா 83க்கு முடிந்தது. எந்தச் சராசரியில் இந்த ஊசியை ஏற்றுவீர்கள்?

கபில் எத்தனை முறை ரன் அவுட் ஆகியிருக்கிறார்?
*வாசகர், மேச்சேரி*

டெஸ்டில் 184 இன்னிங்ஸ், ஒருமுறைகூட இல்லை. எதிர்முனையில் நின்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் கபிலை நேரில் பார்த்ததுண்டா?
*வாசகர், ஆத்தூர்*

ஒரே ஒரு நாள், அதுவும் வயிற்றெரிச்சல் கதை.

1986 செப்டம்பர், சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. வியாழக்கிழமை தொடங்கிய டெஸ்ட். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, அப்புறம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். ஆஸ்திரேலியா 574க்கு 7. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ராத்திரி ரயில் பிடித்தேன். பொதுப்பெட்டியில் கதவோரம் பேப்பர் விரித்து உட்கார்ந்து, விடிகாலை சென்ட்ரல். மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் காலையிலேயே முடித்துவிட்டேன், பகலுக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை. இந்தியாவுக்கு 7 விக்கெட் போயிருந்தது, ஃபாலோ-ஆனை, அதாவது உடனே மறுபடி பேட் பிடிக்க வைக்கப்படுவதைத் தவிர்க்கவே இன்னும் நூறு ரன்னுக்கு மேல் வேண்டும், கபில் நிற்கிறார். படிக்கட்டில் சிமெண்ட் சுடுகிறது, பக்கிங்காம் கால்வாய் நாற்றம் காற்றோடு வந்து போகிறது. நான் பார்த்ததில் இன்றும் கண்ணில் நிற்பது ஷாட் எதுவும் இல்லை. பந்து எல்லைக்கோட்டுக்குப் போனதும் எல்லோரும் கத்துவோம். கபில் பாட்டுக்கு நாலடி நடந்து, ஆடுகளத்தில் ஒரு இடத்தை பேட் நுனியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார். அடித்த ஷாட்டை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எங்கள் மில்லில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார், மெஷின் ஓட ஆரம்பித்ததும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போடுவார். அதே சாயல். கபில் 119, இந்தியா 397, ஃபாலோ-ஆன் போயேபோச்சு.

அந்த டெஸ்ட் முழுக்க கபிலுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை, தெரியுமா? இரண்டு கேட்ச் உண்டு. பந்து கைவிட்ட வாரம் அது. பவுலர் என்று மட்டும் எழுதிவைத்த ஆளாக இருந்தால் பேப்பரில் பெயரே வந்திருக்காது. ஆட்ட நாயகன் விருதை ஜோன்ஸோடு பாதிப் பாதி வாங்கினார்.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஞாயிறு மாலை ஆஸ்திரேலியா 170க்கு 5. இனி என்ன, டிராதான் என்று எல்லோரும் எழுந்தார்கள். எனக்குத் திங்கள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட். ரயிலேறிவிட்டேன். மறுநாள் ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் காலையிலேயே, ஆடியது போதும் என்று டிக்ளேர் செய்ய, 348 இலக்கு. கவாஸ்கர் 90. கபில் இந்த முறை 1 ரன்னில் அவுட். நான் சாயங்காலம் டீக்கடையில் டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நிற்கிறேன். கடைசி ஆள் மனிந்தர் சிங், கிரெக் மாத்யூஸ் பந்தில் எல்பிடபிள்யூ. 347. இரண்டு பக்கமும் ரன் சமம், டை! பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "டிராவா?" "இல்லீங்க, டை." "அப்படின்னா மறுபடி எப்போ ஆடுவாங்க?" பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்கு அடுத்து அது இரண்டாவது டை, இன்றுவரை மூன்றாவது வரவில்லை. அது நடந்த மைதானத்திலிருந்து முந்தின நாள் ராத்திரிதான் நான் எழுந்து வந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது பாதியில் எழுந்து போனால் "ஞாயிற்றுக்கிழமை ரயிலா?" என்று என் மகள் கேட்பாள்.

சேப்பாக்கம் கபிலுக்கு ராசியான இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக 84 ரன், 11 விக்கெட். 1988இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 109. அந்த 109ஐ யாருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் அதே ஆட்டத்தில் அறிமுகமான நரேந்திர ஹிர்வானி 16 விக்கெட் எடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்துக்கு எதிராக லார்ட்ஸில் ஃபாலோ-ஆனைத் தவிர்க்க 24 ரன் தேவைப்பட்டபோது எதிர்முனையில் நின்றதும் அதே ஹிர்வானிதான். அவர் பேட்டிங்கைப் பற்றி கபிலுக்கு எந்த மயக்கமும் இல்லை. ஹெம்மிங்ஸ் ஓவரில் இரண்டு பந்தைத் தடுத்தார், மீதி நாலும் வரிசையாக சிக்ஸர். அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி அவுட். சிரித்துக்கொண்டே போட்ட கணக்கு அது, ஆனால் பந்துக்குப் பந்து சரியான கணக்கு.

ஹாட்லியின் 431 டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டுவதற்காகவே கபில் கடைசிக் காலத்தை இழுத்தார் என்பது உண்மையா?
*வாசகர், தாரமங்கலம்*

உண்மைதான் என்பது என் கருத்து. 1992 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்க வேகப்பந்துக்காரர் டொனால்டை எதிர்த்து, அணி எடுத்த 215இல் 129 அடித்த மனிதரை வீட்டுக்குப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அதற்குப் பிறகு பந்தில் வேகம் இல்லை, பந்தை வெளியே வளைக்கும் அவுட்ஸ்விங் மட்டும் பழைய விசுவாசத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1994 பிப்ரவரி 8, அகமதாபாத், இலங்கையின் திலகரத்ன ஷார்ட் லெக்கில் மஞ்ச்ரேக்கரிடம் கேட்ச், 432. நானும் கைதட்டினேன். அந்தப் பக்கம் ஸ்ரீநாத் என்று ஒரு வேகப்பந்துப் பையன், 1991லேயே ஆஸ்திரேலியாவில் அறிமுகமானவன், சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட கபில் ஓய்வு பெறும்வரை காத்திருந்தான். கபிலை எனக்கு எவ்வளவு பிடிக்குமோ, அந்தக் காத்திருப்பு அவ்வளவு உறுத்துகிறது. பத்தாவதாக இறங்கிப் பழகியவனுக்குத் தெரியும்.

சேலத்திலிருந்து ஒரு ஆல்ரவுண்டர் வருவாரா?
*வாசகர், வாழப்பாடி*

உங்கள் ஊரிலேயே நல்ல மைதானம் வந்துவிட்டது, என்னைக் கேட்கிறீர்களே! சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடினார், முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஆனால் அவர் பந்துக்காரர் மட்டும்தான். அதே ஆட்டத்தில் அறிமுகமான சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தருக்கும் 3 விக்கெட், கூடவே ஏழாவதாக இறங்கி 62 ரன். நம் பங்கு பந்து வந்துவிட்டது, பேட்டும் பிடிக்கிற ஆள் அம்மாப்பேட்டையில் 13 வயதில் ஒருவன் இருக்கிறானாம், மேலே படிக்கவில்லையா?

சார், எங்கள் ஊரில் சமதரையே கிடையாது. எஸ்டேட்டில் காபி காயப்போடும் சிமெண்ட் களத்தில்தான் ஆடுகிறோம். அதில் பவுலிங் போட்டால் கெட்டுப்போகுமா?
*எட்டாம் வகுப்பு மாணவன், ஏற்காடு*

தம்பி, அந்தக் களத்தில் நானும் ஆடியிருக்கிறேன். அக்காள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். சில்வர் ஓக் மரம் ஒன்றுதான் ஸ்டம்ப். லெக் பக்கம் அடித்தால் பந்து சரிவில் உருண்டு காபிச் செடிக்குள் போய்விடும், தேடி எடுப்பதற்குள் அட்டை ஏறிவிடும். அதனால் லெக் பக்கம் அடித்தால் அவுட் என்று விதி வைத்தோம். எதிர்ப்பக்கம் அடிக்கும் என் கவர் டிரைவ் நன்றாக இருந்ததற்கு அந்த அட்டைதான் காரணம்.

சிமெண்டில் பேட்டிங் தாராளமாக ஆடு. பந்து ஒரே சீராக எழும்பும், பின்னங்காலில் ஆடப் பழகும். வேகமாகப் பந்து போடுவதுதான் யோசிக்க வேண்டியது. ஓடிவந்து முன்கால் ஊன்றுகிற வேகம் முழுக்க குதிகாலுக்கும் முட்டிக்கும் முதுகுக்கும் போகும். களத்துக்கு வெளியே மண்ணில் ஓடிவந்து, மண்ணிலேயே காலை ஊன்றிப் பந்தை விடு, பிட்ச் மட்டும் சிமெண்டாக இருக்கட்டும். பந்து ஸ்விங் ஆக வேண்டுமானால் டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மட்டும் எலெக்ட்ரிக் டேப்பை வழவழப்பாகச் சுற்று. மலைக்காற்றுக்கு அது போகிற போக்கைப் பார்.

நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கினால் பந்து தெரியாது, கிளம்பிவிடு. இப்போதே எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு ஆடிக்கொள். நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்துக் களத்தில் காபியைக் கொட்டிவிட்டால், பிப்ரவரிவரை நீ ஃபீல்டிங்தான்.